ஐந்தாவது வாளி

என் அண்ணனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எங்களுக்கெல்லாம் அவன் செக்கர். அப்பா வைத்த பட்டப்பெயர் அது. பத்து வயதிலேயே அவன் பள்ளிக்குக் கிளம்பும்போது பையைத் திறந்து பார்ப்பான், வாசலில் நின்று இன்னொரு தடவை பார்ப்பான், தெருமுனைக்குப் போனதும் மூன்றாவது தடவை பார்ப்பான். கூட நடக்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்குச் சின்ன வயதிலிருந்தே மூக்குக்கு மேல் கோபம். கேட்டதையே திரும்பக் கேட்கிறவர்களைக் கண்டால் சொல்லவே வேண்டாம்.

அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. கூட வேலை பார்த்த ஒரு பெண் சரி என்றுதான் சொன்னாள். "நிஜமாவா?" என்று கேட்டான். நிஜம்தான் என்றாள். மறுநாளும் கேட்டான். மூன்றாவது தடவை கேட்டபோது அந்தப் பெண் யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். இதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரிப்போம். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான்.

இப்படிப்பட்டவனுக்கு வேலை மட்டும் அளவெடுத்துத் தைத்த மாதிரி அமைந்தது. ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் பிரிவில் டெக்னீஷியன். சிறுநீரகம் கெட்டுப்போனவர்கள் வாரத்துக்கு மூன்று நாள் வந்து நாலு மணி நேரம் படுத்திருப்பார்கள். ஒருவருடைய ரத்தத்தைச் சுத்தம் செய்ய நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் டயாலிசிஸ் இயந்திரத்துக்குள் ஓடும். ரத்தத்துக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருப்பது ஒரு மெல்லிய சவ்வு. தண்ணீரில் குளோரினோ உலோகமோ கொஞ்சம் கலந்தாலும் போதும், படுத்திருக்கிறவர் பாடு திண்டாட்டம்தான். அதனால் காலையில் முதல் ஆள் வருவதற்குள் அண்ணன் தண்ணீரைச் சோதித்துப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். இருபத்திரண்டு வருடம் போட்டான். அவன் கையெழுத்து இருந்தால் டாக்டர்கள்கூட வேறு கேள்வி கேட்க மாட்டார்களாம். எங்களைப் படுத்திய குணத்துக்கு அங்கே மரியாதை.

வீட்டிலும் அவனுக்குத் தண்ணீர்தான். கூடத்தில் ஒரு மூன்றடிக் கண்ணாடித் தொட்டி. தங்கமீன் விடுகிற தொட்டி இல்லை. உப்புத் தண்ணீர்த் தொட்டி. உள்ளே பாறைகள், பாறைகளில் உயிருள்ள பவளங்கள், இரண்டு சிவப்பு இறால், நத்தைகள், ஒரு ஜோடி கோமாளி மீன், நடுநாயகமாக ஒரு கடல் சாமந்தி. பார்க்கத்தான் பூ, அது ஒரு பிராணி. விரல் விரலாக நீண்டிருக்கும் இதழ்களால் எதையும் கொட்டும், கோமாளி மீனை மட்டும் கொட்டாது. அந்த ஜோடி அதற்குள்ளேயேதான் குடியிருந்தது. வாங்கி வந்தபோது அந்தச் சாமந்தி டீ கிளாஸ் வாயளவுதான் இருந்தது. பதினோரு வருடத்தில் சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிதாகி, பக்கத்திலிருந்த பவளங்களை எல்லாம் கொட்ட ஆரம்பித்துவிட்டது.

"இதுக்கு இடம் பத்தல பாப்பா," என்றான் ஒரு நாள். எனக்கு நாற்பத்தெட்டு வயது. அவனுக்கு இன்னும் நான் பாப்பாதான்.

"உனக்கும்தான் இடம் பத்தல. கட்டில்ல பாதி இடத்துல உப்பு மூட்டை கிடக்கு," என்றேன்.

ஆறடித் தொட்டி ஒன்று செய்யச் சொன்னான். தரை தாங்குமா என்று கொத்தனாரை மூன்று தடவை வரவழைத்தான். மூன்றாவது தடவை அந்த மனுஷர், "சார், இதுல யானையே நிக்கும், என்ன விட்ருங்க," என்று கும்பிட்டுவிட்டுப் போனார். தொட்டி வந்தது. புது மணல், புதுப் பாறை, பாதி அளவு தண்ணீர் என்று ஆறு வாரம் வெறுமனே ஓடவிட்டுத் தினமும் சோதித்துக் குறித்துவைத்தான். எல்லாம் சரி என்று ஆன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தான். ஞாயிறு ஒரு நாள்தான் அவன் பிரிவுக்கு விடுமுறை.

எனக்கு ஒரே ஒரு வேலைதான் கொடுத்தான்.

"அஞ்சு வாளி வாங்கிட்டு வா. அஞ்சும் புதுசா இருக்கணும். சோப்பு பட்டிருக்கக் கூடாது, பினாயில் பட்டிருக்கக் கூடாது. எதுவுமே பட்டிருக்கக் கூடாது."

கடையில் நாலுதான் இருந்தது. அடுத்த கடைக்குப் பத்து நிமிட நடை. வெயில். தைக்க வேண்டிய திரைச்சீலைத் துணி வீட்டில் மலையாகக் கிடந்தது. வாளிதானே, பெரிய வைரமா என்று திரும்பி வந்துவிட்டேன். மொட்டை மாடியில் என் ரோஜாத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் வாளி இருந்தது. போன வருடம் இலையில் கரும்புள்ளி நோய் வந்தபோது மயில்துத்தமும் சுண்ணாம்பும் அதில்தான் கரைத்தேன். அதை நாலு தடவை தண்ணீர் விட்டுத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினேன். சோப்பு போடவில்லை. அண்ணன் பேச்சைக் கேட்டு நடந்துகொண்டதாக எனக்கு அப்போது ஒரு பெருமைகூட இருந்தது. உள்ளே பளபளவென்றுதான் இருந்தது.

அந்த ஞாயிறு காலையில் நானும் என் வீட்டுக்காரரும் போனோம். அண்ணன் ஒவ்வொரு வேலையையும் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தான். முதலில் பழைய தொட்டித் தண்ணீரில் பாதியைக் குழாய் வைத்து உறிஞ்சி வாளிகளில் எடுத்தோம். பவளப் பாறைகளை ஒவ்வொன்றாகத் தண்ணீருக்கு அடியிலேயே பெரிய பிளாஸ்டிக் டப்புகளுக்கு மாற்றினான். கடல் சாமந்தி ஒட்டியிருந்த பாறையை மட்டும் இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு, மூச்சுவிடாமல் நடந்தான். பழைய மணலைத் தொடவே விடவில்லை. கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், விஷம் என்றான். டிரம்மில் கலக்கி வைத்திருந்த புது உப்புத் தண்ணீரை வாளி வாளியாக நாங்கள் மூன்று பேரும் சுமந்து புதுத் தொட்டியில் ஊற்றினோம். என் கையில் இருந்தது மஞ்சள் வாளி. இருபது நடைக்குக் குறையாது.

"இந்த மஞ்ச வாளி மட்டும் ஏன் வேற மாதிரி இருக்கு?" என்றான்.

"கடைல அந்தக் கலர்தான் இருந்துச்சு."

"புதுசுதானே?"

"ஆமா."

இரண்டு நடை போய் வந்தேன். மறுபடி, "புதுசுதானே பாப்பா?"

எனக்கு வியர்த்துக் கொட்டியது. தோள் வலி வேறு. "புதுசு, புதுசு, புதுசு. மூணு தடவ சொல்லிட்டேன், போதுமா?" என்றேன். என் வீட்டுக்காரர் சிரித்தார். அண்ணனும் அசடு வழியச் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். சாயங்காலத்துக்குள் எல்லாம் உள்ளே போய்விட்டன. சாமந்தி நடுப்பாறையில் உட்கார்ந்து முழுசாக விரிந்தது. கோமாளி ஜோடி நேராக அதற்குள் நுழைந்துகொண்டது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

திங்கட்கிழமை சாயங்காலம் அவன் போன் செய்தான். இரண்டு இறாலும் செத்துவிட்டனவாம். நத்தைகள் பாறையிலிருந்து உருண்டு விழுகின்றனவாம். மீன்களுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லையாம். "முதுகெலும்பு இல்லாததுக்கு மட்டும் ஆகுதுன்னா தாமிரமா இருக்கும் பாப்பா. தாமிரம் எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியல."

மயில்துத்தம் என்பது தாமிரம்தான் என்று எனக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை காலை ரோஜாவுக்குத் தண்ணீர் விட மாடிக்குப் போனேன். ஞாயிறன்றே ரோஜாவுக்கு வேண்டும் என்று திரும்பக் கொண்டு வந்திருந்த மஞ்சள் வாளியைக் கவிழ்த்துத் தட்டியபோது நீலப் பொருக்கு ஒன்று கையில் விழுந்தது. அந்த வாளியின் விளிம்பு வெளிப்பக்கம் மடிந்திருக்கும். மடிப்புக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் நெடுகச் சுண்ணாம்பும் துத்தமுமாகக் காய்ந்து இறுகியிருந்தது. மற்றப் பக்கம், நான் சாய்த்துச் சாய்த்து ஊற்றிய பக்கம், சுத்தமாகக் கரைந்து போயிருந்தது. துத்தப் பொட்டலத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். தாமிரம் என்று போட்டிருந்தது.

அப்போதே போனை எடுத்திருக்க வேண்டும். எடுத்தேன், வைத்துவிட்டேன். என்னவென்று சொல்வது? மூன்று தடவை புதுசு என்று பாட்டுப் பாடிவிட்டு, இல்லை அண்ணா, தோட்டத்து வாளி என்று எப்படிச் சொல்வது? நாளைக்கு நேரில் சொல்லலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பயம் என்று ஒப்புக்கொள்ளக்கூட அன்று எனக்கு மனசில்லை.

புதன்கிழமை போனேன். அவன் தரையில் உட்கார்ந்திருந்தான். சாமந்தி பாதியாகச் சுருங்கி, வாய் பிளந்து கிடந்தது. உயிர் இருந்தது. தாமிரம் பார்க்கிற சோதனை மருந்து அன்று காலைதான் அவனுக்குக் கிடைத்திருந்தது. தாமிரம்தான் என்று உறுதியாகிவிட்டது.

"தண்ணிய மாத்தலாமே?" என்றேன்.

"எந்தத் தண்ணிய வெச்சு மாத்துறது? என் தண்ணி மேலதான் சந்தேகம். போன வாரம் ஃபில்டர் மாத்தினேன். மாத்தினா முதல்ல வர்ற தண்ணியக் கீழ விட்டுடணும். விட்டேனான்னு ஞாபகம் இல்ல. சனிக்கிழமை ஆஸ்பத்திரியில மிஷின் ரிப்பேர்னு கூப்பிட்டாங்க, அந்த அவசரத்துல கடைசி டிரம்ம டெஸ்டும் பண்ணல." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தான். "நீ கொண்டு வந்த வாளி அஞ்சும் புதுசுதானே?"

இதோ, கேட்டுவிட்டான். சொல்வதற்கு இதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது.

"ஆமாங்கிறேன்ல," என்றேன்.

முதலில் சொன்ன பொய் கோபத்தில் வந்தது. அதற்கு மன்னிப்பு உண்டு என்று வைத்துக்கொள்ளலாம். இது தெரிந்தே சொன்னது. வாளி என்று நான் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே அவன் தன் தண்ணீரை நம்பி மாற்றியிருப்பான். சொல்லாததால் மாற்றவில்லை. சாமந்தி வியாழக்கிழமை கரைந்து போனது. வெள்ளைக் கோழையாகத் தண்ணீரில் மிதந்ததை அவன் கையுறை போட்டு அள்ளினான். நான் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அடுத்த இரண்டு வாரத்தில் பவளங்கள் ஒவ்வொன்றாக வெளுத்து எலும்பாக நின்றன. கோமாளி ஜோடி மட்டும் நடுப்பாறையில் சாமந்தி இருந்த இடத்தையே சுற்றிக்கொண்டிருந்தது. பார்க்கச் சகிக்காமல் அவற்றைக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டான். மஞ்சள் வாளியை நான் பழைய சாமான்காரருக்குப் போட்டேன். எங்கே வாளி என்று கேட்ட என் வீட்டுக்காரரிடம், ஓட்டை என்று சொன்னேன்.

ஒரு தொட்டி போனதோடு முடிந்திருந்தால் நானும் காலப்போக்கில் மறந்திருப்பேன். ஒரு மாதம் கழித்து அவன் சாப்பிட வந்தபோது, டயாலிசிஸ் பிரிவிலிருந்து ஸ்டோருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டதாகச் சொன்னான்.

"ஏன்ணா?"

"வீட்டுல ஒரு நாள் பாக்காம விட்டேன். பாத்தேனா இல்லையான்னுகூட ஞாபகம் இல்ல. அங்க ஒரு நாள் விட மாட்டேன்னு என்ன நிச்சயம்? இங்க செத்தது இறால். அங்க மனுஷங்க படுத்திருக்காங்க."

சொல், இப்போது சொல் என்று உள்ளே ஒன்று பிடித்து உலுக்கியது. "மோர் ஊத்தவா?" என்றுதான் வாயில் வந்தது.

எட்டு மாதம் அவன் அந்த ஸ்டோரில் கையுறைப் பெட்டியும் பஞ்சும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். எட்டு மாதமும் நான் திரைச்சீலை தைத்தேன், சமைத்தேன், ரோஜாவைக் கவனித்தேன். அவன் வரும்போதெல்லாம் அவனுக்குப் பிடித்ததாகப் பார்த்துப் பார்த்துச் செய்து போட்டேன். என்ன திடீர்ப் பாசம் என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்தார். பாசமும் இல்லை, மண்ணும் இல்லை. குற்ற உணர்வு கரண்டியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

ஒரு சனிக்கிழமை பகல் மூன்று மணிக்கு அவன் வீட்டுக்குப் போனேன். வாசல் கதவு அகலத் திறந்து கிடந்தது. உள்ளே அவன் தூங்கிக்கொண்டிருந்தான். சமையலறையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மேலே வைத்திருந்த பாத்திரம் கறுத்துப் போயிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அவனை எழுப்பினேன்.

"கதவத் திறந்து போட்டுட்டுத் தூங்குற. அடுப்பு எரியுது. என்ன ஆச்சு உனக்கு? பாக்க மாட்டியா?"

எழுந்து உட்கார்ந்தான். "பாத்து என்ன பிரயோஜனம்? பாத்தாலும் பாத்தது நிஜமான்னு தெரிய மாட்டேங்குது. அதான் பாக்கறதையே விட்டுட்டேன்," என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான்.

காலியாக நின்ற ஆறடித் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"அந்த மஞ்ச வாளி புதுசு இல்லண்ணா. ரோஜாவுக்கு மயில்துத்தம் கலக்கின வாளி. கழுவித்தான் கொண்டு வந்தேன். விளிம்புல இருந்திருக்கு."

அவன் என்னைப் பார்க்கவில்லை. எதையோ கணக்குப் போட்டான். "மடிப்புக்குள்ளயா?"

"ஆமா."

"சாய்க்கிறப்ப தண்ணி அது மேல போயிருக்கும்." தலையை ஆட்டினான். "அப்ப தண்ணி இல்ல. தண்ணி சரியாத்தான் இருந்திருக்கு. நான் அந்த முதல் தண்ணியக் கீழ விட்டிருக்கேன்."

"விட்டிருப்பே. நீ விடாம இருப்பியா?"

அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. எட்டு மாதமாக நான் பார்க்காத முகம். அப்படியே இருந்திருக்கக் கூடாதா? ஆனால் அவன் செக்கர்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"செவ்வாய்க்கிழம."

"எந்தச் செவ்வாய்?"

"அந்தச் செவ்வாய்தான். தொட்டி மாத்தின மூணாம் நாள்."

"புதன்கிழம நான் கேட்டேனே."

"கேட்ட."

"அன்னைக்கு சாமந்தி உயிரோட இருந்துச்சு."

திட்டுவான் என்று காத்திருந்தேன். திட்டினால் அழலாம், காலில் விழலாம், ஏதாவது செய்யலாம். அவன் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, "நீ கிளம்பு பாப்பா. மாப்பிள்ளை தேடுவாரு," என்றான். நான் படியிறங்கியதும் உள்ளே தாழ்ப்பாள் போடுகிற சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறு அவன் சாப்பிட வரவில்லை. போன் செய்தால் வேலை இருக்கிறது என்றான். இப்படியே விட்டால் அவன் ஸ்டோரிலேயே கிடந்துவிடுவான், நானாவது போய் உள்ளதைச் சொல்லுவோம் என்று ஒரு நாள் மதியம் டயாலிசிஸ் பிரிவுக்கே போனேன். தலைமை நர்ஸ் மேஜையில் இருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசையாகப் படுக்கைகள். அங்கே அண்ணன் ஒருவர் கையைப் பிடித்து ஊசி போட இடம் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவரு இங்க திரும்பி வந்து பத்து நாள் ஆச்சே. உங்ககிட்ட சொல்லலையா?" என்றார் நர்ஸ். "வீட்டுத் தொட்டி விஷயத்தையும் சொன்னாரு. ஏதோ வாளிய சரியாக் கழுவாம விட்டது தன்னோட தப்புதான்னாரு. அவ்வளவு வெளிப்படையா சொன்ன பிறகு நான் என்ன பண்ண முடியும்? ஆறு மாசத்துக்கு அவர் கையெழுத்தோட இன்னொருத்தர் கையெழுத்தும் வேணும்னு எழுதிட்டேன். பாவம், மறு பேச்சு பேசல."

இருபத்திரண்டு வருடம் தனியாக நின்ற கையெழுத்து. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. என்னைக் காட்டிக்கொடுக்காமல் அதை வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறான். அந்தப் புதன்கிழமை திறக்காத வாய் இப்போதாவது திறந்தது.

"அது என் வாளி சிஸ்டர். அவன் கேட்டான். திரும்பத் திரும்பக் கேட்டான். புதுசுன்னு நான்தான் பொய் சொன்னேன். அப்புறம் தெரிஞ்ச பிறகும் சொல்லல. அவன் எதையும் பாக்காம விடல."

நர்ஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பதிவேட்டை இழுத்து, அந்த இன்னொரு கையெழுத்துக்கான வரியின் குறுக்கே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதினார். அவர் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

"இத முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா," என்றார் மெதுவாக. "ஆறாம் நம்பர் படுக்கையில ஒரு வாத்தியாரு வருவாரு. ஒம்பது வருஷமா உங்க அண்ணன் ஊசி போட்டாதான் கையக் குடுப்பாரு. வேற யாரு போனாலும் நடுங்குவாரு. இவரு ஸ்டோருக்குப் போன பிறகு வர்ற நாளெல்லாம் கேட்டாரு, எங்க அவரு, எங்க அவருன்னு. நான் போய்க் கூப்பிட்டேன். என் கைய நம்பாதீங்க சிஸ்டர்னு சொல்லி வர மாட்டேன்னுட்டாரு. மூணு மாசம் முன்னாடி வாத்தியாரு போயிட்டாரு. கடைசி நாளும் கேட்டாரு."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன் ஊசியைப் போட்டு முடித்து, குழாயைச் சரிபார்த்துவிட்டு அடுத்த படுக்கைக்கு நகர்ந்தான். நான் வந்திருப்பதை அவன் பார்க்கவில்லை. நானும் கூப்பிடவில்லை.

அடுத்த ஞாயிறு சாப்பிட வந்தான். இப்போது வாரம் தவறாமல் வருகிறான். ஆஸ்பத்திரிக் கதை எல்லாம் சொல்கிறான், படுக்கை படுக்கையாக, சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறான். ஆறாம் நம்பர் படுக்கையைப் பற்றி மட்டும் என்னிடம் இதுவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை.